பதினொன்றாம் வகுப்புப் பழுது

கட்டடக்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பிய பதினோராம் நாள், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமைக் காலையில், கடுகு தன் அப்பாவின் வேலைப்பைக்குள் ஸ்க்ரூடிரைவர் தேடப் போய், தன் தலையெழுத்தைக் கண்டெடுத்தாள்.

தலையெழுத்து ஊதா நிறத்தில் இருந்தது. கார்பன் நகல். அப்பாவின் கையெழுத்து, நெட்டு நெட்டாய், ஒன்றின் மேல் ஒன்று சாயாமல், வரிசையில் நிற்கும் ஆட்களைப் போல.

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தது அம்மா. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். பத்தாம் வகுப்பு வரை ஆசிரியர்கள் எல்லாரும் "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பழமொழியைத் தேய்த்தே விட்டார்கள். பதினொன்றாம் வகுப்பில் கணக்கில் நாற்பத்து நான்கு வாங்கியதும் யாரும் அதைச் சொல்லவில்லை. பழமொழிக்கும் ஒரு மானம் உண்டு.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். நகரத்தில் எழுபத்திரண்டு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும், மோட்டார் அறைச் சுவரில், ஆணியில் ஒரு பழுதுப் புத்தகம் தொங்கும். நாள், பழுது, காரணம், செய்தது, மீதி என்று ஐந்து கட்டங்கள். சரியாகாத எதையும் 'மீதி'யில் சிவப்பு மையால்தான் எழுத வேண்டும். அடியில் கார்பன் வைத்து எழுத வேண்டும். ஒரு தாள் கட்டடத்துக்கு, ஒரு தாள் அலுவலகத்துக்கு. 'சரி செய்தாயிற்று' என்று வாய்க்கு வந்தபடி எழுதிவிட முடியாது. நாளைக்கு வேறொரு ஆள் அதை நம்பி லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நிற்பான். அவன் காலுக்குக் கீழே பதினான்கு மாடி இருக்கும்.

இருபத்தாறு வருடமாக அப்பா இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். வேறு மாதிரி எழுத அவருக்குத் தெரியாது என்பதை வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. அதுதான் தப்பாகப் போனது.

கல்லூரி விண்ணப்பத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று மாணவர் தன்னைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரை. இன்னொன்று, 'பெற்றோர் சொல்ல விரும்புவது' என்று தலைப்பிட்ட ஒரு வெற்றுப் பக்கம். பெற்றோர் அதை நிரப்பி, தனி உறையில் ஒட்டி, பிள்ளைக்குக் காட்டாமல் பெரிய உறைக்குள் வைக்க வேண்டும் என்று விதி. என் மகள் பொறுப்பானவள், பெரியவர்களை மதிப்பவள் என்று நாலு வரி எழுதுவார் என்றுதான் கடுகு நினைத்திருந்தாள்.

அவர் எழுதியிருந்தது இது:

*நாள்: பதினொன்றாம் வகுப்பு, முழு வருடம்.*

*பழுது: கணக்கு 91-லிருந்து 44. இயற்பியல் 88-லிருந்து 39.*

*காரணம்: அம்மை வந்து மூன்று வாரம் பள்ளி போகவில்லை. ஆனால் பழுது நாற்பது வாரம். ஆகவே அம்மை காரணமல்ல. திரும்பிப் போனபின் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லவில்லை. கேள்வி கேட்பது நின்றுவிட்டது. வீட்டுப்பாடம் பார்த்து எழுதப்பட்டது.*

*கவனிப்புக் குறைவு: பெற்றோர் பக்கம். ஆறு மாதம் கழித்தே தெரிந்தது.*

*செய்தது: பிள்ளை தானாகப் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு 52, 63, 74.*

*மீதி: இயற்பியல் 58. இடையிடையே நிற்கிறது. காரணம் தெரியவில்லை.*

கடைசி வரியின் ஓரத்தில் 'சி' என்று வட்டமிட்டிருந்தது. கார்பனில் சிவப்பு தெரியாது. அதனால் நகலில் அப்படிக் குறித்துக்கொள்வது அவர் பழக்கம்.

கடுகு தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்பா ரொட்டித் துண்டுகளை ஒரே தடிமனில் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா மேஜையடியில் வலது காலை அழுத்தி அழுத்தி எடுத்தபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கிலேயே உயிரை வைத்திருந்து பழகியதால், வீட்டில் யார் வேகமாக நடந்தாலும் அவள் கால் தானாகத் தரையை அழுத்தும். இப்போதும் அழுத்தியது.

"அப்பா, இது என்னது?"

"நகல்."

"அது தெரியுது. எதோட நகல்?"

"அந்த காலேஜ் ஃபாரத்துல எனக்குன்னு ஒரு பக்கம் விட்டிருந்தாங்களே, அது." அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தானே விழுந்திருக்கு. கார்பன் பழசு, இருந்தாலும்..."

"ஊர் உலகத்துல எல்லா அப்பாவும் என் பொண்ணு தங்கம், வைரம்னு எழுதுவாங்க. நீங்க என்னைப் பழுதுன்னு எழுதியிருக்கீங்க!"

"உன்னை எங்கே எழுதினேன்? கணக்கு, இயற்பியல்னுதானே எழுதியிருக்கேன்."

"சிவப்புல வேற!"

"மீதி இருந்தா சிவப்புதான்."

அம்மா தாளை வாங்கிப் படித்தாள். படித்துக்கொண்டே நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இந்த மனுஷன் கையில பேனா குடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். கல்யாணப் பத்திரிகையிலயே 'நேரம் மாறுதலுக்கு உட்பட்டது'ன்னு போட்ட ஆளுடி இவர். எங்க அப்பா மூணு நாள் சாப்பிடலை."

"மாறுச்சா இல்லையா?" என்றார் அப்பா. "இருபது நிமிஷம் லேட்டாத்தானே நீ வந்தே?"

வேறு நாளாக இருந்தால் கடுகு சிரித்திருப்பாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். உறையில் அப்பா எழுதியது மட்டும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளும் ஒன்று எழுதியிருந்தாள்.

பள்ளியின் வழிகாட்டி டீச்சர் சொன்ன யோசனை அது. "அம்மை வந்து அந்த வருஷமே போச்சுன்னு எழுது. பொய் இல்லையே, அம்மை வந்துச்சுதானே? மார்க் குறைஞ்சவங்க எல்லாரும் ஏதாவது ஒரு காய்ச்சலை எழுதுவாங்க. அதுக்குத்தான் அந்தக் கட்டுரையே." கடுகுக்கு எழுத வரும். இரண்டு வாரம் உட்கார்ந்து செதுக்கினாள். ஜன்னலுக்கு வெளியே பருவங்கள் மாற, கட்டிலில் கிடந்து கூரையின் விரிசல்களை எண்ணிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதினாள். 'நோய் என் ஓராண்டைத் தின்றது' என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்து அவளுக்கே அழுகை வந்தது. நிஜத்தில் அவள் கட்டிலில் கிடந்தது இருபது நாள். அதில் பாதி நாள் கதைப் புத்தகம் படித்துக்கொண்டு, ஆனந்தமாக.

"நான் எழுதினது வேற," என்றாள் கைகளுக்குள்ளிருந்து. "வருஷம் முழுக்க நோயில கிடந்தேன்னு எழுதியிருக்கேன். ரெண்டும் ஒரே கவர்ல போயிருக்கு."

அம்மாவின் கால் மேஜையடியில் ஒருமுறை அழுந்தியது.

"அப்போ நான் எழுதினது தப்பா?" என்று கேட்டார் அப்பா.

"தப்பில்ல. அதான் பிரச்சினையே."

திங்கட்கிழமை வழிகாட்டி டீச்சரிடம் ஓடினாள். டீச்சர் நகலைப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்க இருமினார். பிறகு ஒரு பழைய காகிதத்தின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். இடம் அறுபது. விண்ணப்பம் மூவாயிரத்துக்கு மேல். முதலில் ஒரு சல்லடை: பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாதி, மூன்றின் சராசரி. அதில் தேறுவது அறுநூறு. அதற்கப்புறம்தான் கட்டுரை, வரைபடம், பெற்றோர் பக்கம் எல்லாம்.

"உன் பத்தாம் வகுப்பு தூக்கிவிடுது. பதினொண்ணு காலைப் பிடிச்சு இழுக்குது. கடைசியா ஏறியிருக்கே, அது நல்ல விஷயம். ஏறுமுகமா இறங்குமுகமான்னு பார்க்கறவங்க பார்ப்பாங்க. ஆனா சல்லடைக்குக் கண்ணு கிடையாது. அது கூட்டி வகுக்கும், அவ்வளவுதான்." டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அதனால பயப்படாதே. உன் கவரை யாரும் பிரிக்கப் போறதே இல்ல."

இதைவிட மோசமான ஆறுதலைக் கடுகு கேட்டதில்லை. வேறு இரண்டு கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்திருந்தாள்; அவற்றில் ஒன்றாவது எடுத்துக்கொள்ளும். அங்கே வேதியியலோ வணிகமோ படிக்கலாம். ஆனால் ஐந்து வயதிலிருந்து அப்பாவோடு போய்ப் போய், கட்டடங்களை அவள் உள்ளிருந்து பார்த்திருக்கிறாள். பளிங்குத் தரையும் பூந்தொட்டியும் வைத்த கூடங்களின் பின்னால், கூண்டு ஏறி இறங்கும் அந்த இருட்டுக் குழியில், கட்டடம் தன் எலும்பைக் காட்டும். எந்தத் தளம் அவசரத்தில் போட்டது, எந்தச் சுவர் பிறகு யோசித்துச் சேர்த்தது என்று எல்லாம் தெரியும். அவளுக்கு வேறெதுவும் படிக்க ஆசை வந்ததில்லை.

வகுப்புக்குத் திரும்பியபோது ஒட்டகம் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒட்டகம் அவள் பெஞ்சுத் தோழி; பெயர்க் காரணம் நின்றாலே தெரியும். பதினொன்றாம் வகுப்பு முழுவதும் கடுகு பார்த்து எழுதியது ஒட்டகத்தின் நோட்டைத்தான். அம்மைக்குப் பிறகு திரும்பி வந்த முதல் நாள், கரும்பலகையில் இருந்தது எதுவும் புரியவில்லை. கேட்கலாம் என்று கை பாதி எழுந்தது. எப்போதும் முதல் ரேங்க் வாங்குகிறவள் என்ன கேட்கப் போகிறாள் என்று முப்பது தலைகள் திரும்பின. கை கீழே வந்துவிட்டது. மறுநாள் பாடம் முந்தைய நாள் பாடத்தின் மேல் நின்றது. அதற்கு மறுநாள் பாடம் அதன் மேல். அஸ்திவாரம் இல்லாத வீட்டுக்கு மாடி மேல் மாடி.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய இரண்டாம் நாள்தான், தாங்க முடியாமல், ஒட்டகத்தின் காதில் கிசுகிசுத்தாள்: "இந்த மூணாவது வரி எப்படிடி வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் ஒட்டகம். "நான் முன் பெஞ்சைப் பார்த்து எழுதறேன்."

"போன வருஷமும்?"

"போன வருஷமுந்தான். நீ புரிஞ்சு எழுதறேன்னு இல்ல நெனச்சேன்! சந்தேகம்னா உன்கிட்ட கேக்கலாம்னு தைரியமா இருந்தேன்டி."

இருவரும் சிரித்த சிரிப்பில் வகுப்பைவிட்டு வெளியே அனுப்பப்பட்டார்கள். அந்த வராந்தாவில்தான், வேறு வேலை இல்லாமல், எதிர் வகுப்பில் இரவல் வாங்கிய பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள். ஐம்பத்திரண்டும் அறுபத்து மூன்றும் எழுபத்து நான்கும் அங்கே தொடங்கியவை.

ஒட்டகம் இப்போது நகலைப் படித்துவிட்டு, "உங்கப்பா என்னைப் பத்தி ஒரு வரிகூடப் போடலியே. 'உதிரி பாகம்: ஒட்டகம்'னாவது போட்டிருக்கலாம்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

கடுகு கடிதத்தை நான்கு முறை படித்தாள். மகிழ்ச்சி வர வேண்டிய இடத்தில் வியர்வைதான் வந்தது. உறையைப் பிரித்துவிட்டார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

கல்லூரி இரண்டரை மணி நேரத் தூரம். அம்மா பயிற்சிக் காரிலேயே கூட்டிப் போனாள். கூரையில் பெரிய சிவப்பு எழுத்தில் 'கற்றுக்கொள்பவர்' என்ற பலகை. கழற்ற முடியாதபடி அப்பா போல்ட் போட்டிருந்தார். நெடுஞ்சாலையில் லாரிகள்கூட மரியாதையாக விலகிப் போயின. அப்பா முன்னிருக்கையில், இரண்டாவது பிரேக் இருக்கும் பக்கம்.

"அதுல கால வைக்காதீங்க."

"வைக்கலையே."

"இப்போ யாரு வச்சது? ஆவியா?"

பின்னிருக்கையில் கடுகு தன் பதிலை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எது உண்மை என்று கேட்டால் சொல்வதற்கு அழகான ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: 'ஒரே மழையை ஒருவர் ஜன்னலிலிருந்தும் ஒருவர் தெருவிலிருந்தும் பார்த்தது போல.' கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லச் சொல்ல, அதற்குள் ஒன்றும் இல்லை என்று அவளுக்கே பட்டது.

நேர்காணல் அறை நான்காம் மாடியில். நீள மேஜை, மூன்று பேர். நடுவில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள், துறைத் தலைவி. வலப்புறம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர். இடப்புறம் குறிப்பெடுக்கும் இளைஞர். மேஜையில் அவள் கட்டுரை. பக்கத்தில் அப்பாவின் தாள். அசலில் அந்தச் சிவப்பு அவள் நினைத்ததைவிடச் சிவப்பாக இருந்தது.

"உட்காரும்மா," என்றார் தலைவி. "முதல்லயே சொல்லிடறேன். உன் சராசரிக்கு நீ இங்க வந்திருக்கவே கூடாது. சல்லடையில கீழே விழுந்தவ நீ. விழுந்த கவரை எல்லாம் கட்டிவைக்கும்போது எங்க குமாஸ்தா ஒருத்தர் உங்கப்பா எழுதினதைப் பிரிச்சுப் பார்த்து, சிரிச்சுச் சிரிச்சு ஒவ்வொரு ரூமா எடுத்துட்டுப் போனார். அப்படித்தான் என் மேஜைக்கு வந்துச்சு. பன்னிரண்டாம் வகுப்புல ஏறியிருக்கறதை அப்புறந்தான் பார்த்தோம்."

கடுகு "நன்றி" என்றாள்.

"நன்றி எல்லாம் வேண்டாம். அந்தத் தாளுக்கு சீட் கிடையாது. அந்தத் தாளுக்கு இந்த நாற்காலி மட்டுந்தான்." இரண்டு தாள்களையும் அவள் பக்கம் திருப்பினார். "ரெண்டையும் படிச்சேன். ஒண்ணு ரொம்ப அழகா இருக்கு. ரெண்டுல எது சரி?"

ஜன்னலும் தெருவும் மழையும் நாக்கு நுனிவரை வந்தன. கடுகு அவற்றை விழுங்கினாள்.

"அப்பாவோடது."

இளைஞரின் பேனா நின்றது.

"என்னோடதுல அம்மை வந்தது மட்டும் நிஜம். மூணு வாரம். மீதி எல்லாம் நான் எழுதினது. கேக்க வெட்கமா இருந்துச்சு, கேக்கலை, அவ்வளவுதான் காரணம். ஆனா அதைக் கட்டுரையா எழுதினா ரெண்டு வரிதான் வரும். நீங்க ரெண்டு பக்கம் கேட்டிருந்தீங்க."

கண்ணாடிக்காரர் மூச்சுக்குள் சிரித்தார். தலைவி சிரிக்கவில்லை. "ரெண்டு பக்கம் கேட்டது எங்க தப்புன்னு வச்சுக்குவோம். அதுல பொய்யை ரொப்பினது யார் தப்பு?"

"என் தப்பு," என்றாள் கடுகு. காது மடல் எரிந்தது. கொஞ்சம் பொறுத்து, "அப்பாவோட தாள்லயும் ஒண்ணு சரியில்ல," என்றாள்.

"அப்படியா?"

"இயற்பியலுக்குக் காரணம் தெரியலைன்னு எழுதியிருக்கார். எனக்குத் தெரியும். நான் அவர்கிட்ட சொல்லலை. கணக்கு டீச்சர்கிட்ட கேள்வி கேட்கப் பழகிட்டேன். இயற்பியல் சார்கிட்ட இன்னும் கேக்கறதில்ல. என்ன கேட்டாலும் முதல்ல 'இதுகூடத் தெரியாதா?'ம்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துக்கிட்டு... அந்தப் பாடம் மட்டும் அங்கேயே நிக்குது."

தலைவி எதையும் காட்டாத முகத்தோடு தலையசைத்தார். கண்ணாடிக்காரர் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். ஆறு மாடிக் கட்டடத்தைக் கத்தியால் செங்குத்தாக வெட்டியது போல. "பார்த்துச் சொல்லு. என்ன தோணுது?"

கடுகு எழுந்து நின்று பார்த்தாள். கண் தானாக லிஃப்ட் குழிக்குப் போனது. அடியிலிருந்து விரலை ஓட்டி உச்சியில் நிறுத்தினாள். "இதை இப்படியே கட்டினா பழுது பார்க்க வர்ற ஆள் நசுங்கிடுவார். கூண்டு ஆறாவது மாடியில நிக்கும்போது கூண்டுக்கு மேல ஆள் நிக்க உயரம் விடலை."

"இதைச் சொன்னதுல நீ மூணாவது ஆள்," என்றார் அவர். நூறு பேரில் மூன்றாவதா, ஐந்து பேரில் மூன்றாவதா என்று சொல்லவில்லை. தாளைப் புரட்டினார். "சரி, இந்த உத்தரம். சுமை எங்க போய்ச் சேருது?"

ஒரு நீளக் கோடு. அதன்மேல் அம்புகள். ஓரத்தில் வளைந்த ஒரு அம்பு. கடுகுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது போல் தலையாட்டி, 'ஆமா, இதுல முக்கியமா...' என்று இழுத்துக்கொண்டே நேரம் போக்குவது அவளுக்குக் கைவந்த கலை. ஒரு வருடம் முழுவதும் அதை மட்டும்தான் நன்றாகப் படித்திருந்தாள். தலை ஆடத் தொடங்கிவிட்டது.

அதை நிறுத்தினாள். "எனக்குப் புரியலை சார். இந்த வளைஞ்ச அம்பு என்ன?"

"இதுகூடத் தெரியாதா?" என்றார் கண்ணாடிக்காரர். வேண்டுமென்றே கேட்டாரா, வாய்தவறி வந்ததா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

காது சூடானது. ஆனால் அந்த வார்த்தை வந்துவிட்டது, அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகு பயப்பட என்ன இருக்கிறது?

"தெரியாது சார். சொன்னீங்கன்னா தெரிஞ்சுக்குவேன்."

அவர் சொன்னார். அவள் இன்னொன்று கேட்டாள். அதற்கும் சொன்னார். இன்னொன்று. நாலாவது கேள்விக்கு அவர் பென்சிலை அவளிடம் நீட்டினார். அவள் போட்டுப் பார்த்தாள். பாதி தூரம் சரியாகப் போய், கடைசிப் படியில் கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டாள். சரி செய்வதற்குள் தலைவி கடிகாரத்தைப் பார்த்து, "போதும்மா" என்றார். யாரும் கை கொடுக்கவில்லை, வாழ்த்தவும் இல்லை. கதவு மூடும்போது மூவரும் அடுத்த உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே அப்பா காருக்கு வெளியே நின்றிருந்தார். "இங்க லிஃப்ட் நாலாவது மாடியில அரை அங்குலம் ஏத்தி நிக்குது. வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன்."

"ரொம்ப அவசியம்," என்றாள் அம்மா. "கடுகு, என்னடி கேட்டாங்க?"

"ரெண்டு தாள்ல எது சரின்னு. அப்பாவோடதுன்னு சொல்லிட்டேன். ஆனா அந்தக் கடைசி வரிக்குக் காரணம் எனக்குத் தெரியும்னும் சொன்னேன்." இயற்பியல் சாரைப் பற்றிச் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டே காரின் கதவுக் கைப்பிடியைத் தேவையில்லாமல் திறந்து மூடினார்.

"நான் வந்து அந்த வாத்தியாரைப் பார்க்கவா?"

"வேண்டாம்ப்பா. நானே கேக்கறேன்."

கேட்டாள். மறுநாள் இரண்டாம் பாடவேளையில் கை முழுதாக எழுந்தது. "இதுகூடத் தெரியாதா?" என்றார் சார், எதிர்பார்த்தபடியே. "தெரியாது சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. சார் முனகிக்கொண்டே சுண்ணக்கட்டியை எடுத்து விளக்கினார். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் ஒட்டகம் எழுந்து நின்று, "எனக்கும் தெரியாது சார்" என்றாள்; அவ்வளவு உயரத்திலிருந்து வந்ததால் அதற்கு ஒரு கம்பீரம் இருந்தது. அந்த வார முடிவில் சார் அந்த வார்த்தையைச் சொல்வதையே விட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் அதைச் சொன்னால் பாடம் முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அடுத்த தேர்வில் அவளுக்கு அறுபத்து நான்கு.

கல்லூரியின் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் சீருடை அணிந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது. அம்மா பிரிக்கப் போனாள். பிரிக்காமலே அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா கடுகிடம் நீட்டினார்.

அவள் சத்தமாகப் படித்தாள். பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களின் காரணமாக முழுமையான சேர்க்கை அளிக்க இயலவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது. அம்மா "ஐயோ" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டாம் பத்தி வேறு. அறுபது இடங்களில் நான்கு, இறுதித் தேர்வின் முடிவு வரும்வரை நிபந்தனையோடு ஒதுக்கி வைக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று அவளுக்கு. கணக்கிலும் இயற்பியலிலும் எழுபதுக்குக் குறையக் கூடாது. முதல் ஆண்டில் கூடுதல் கணக்கு வகுப்புக்கு வர வேண்டும். அடியில், துறைத் தலைவியின் கையெழுத்துக்கு மேல், பேனாவால் ஒரு வரி: *அடுத்த முறை இரண்டு வரியே போதும்.*

"அப்படின்னா கிடைச்சிருச்சா, கிடைக்கலையா?" என்றாள் அம்மா.

"பாதி கிடைச்சிருக்கும்மா."

"பாதி சீட்டுல எப்படிடி உட்காருவே?"

"இயற்பியல் எவ்வளவு வேணும்?" என்றார் அப்பா.

"எழுபது. இப்போ அறுபத்து நாலு."

"வருமா?"

வரும் என்று சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். "தெரியலைப்பா," என்றாள். "மின்சாரம் சரியாயிடுச்சு. ஒளி பரவாயில்ல. வெப்பத்துல ரெண்டு பாடம் இன்னும் தலைகால் புரியலை. ஒண்ணு ஒட்டகத்துக்குப் புரியுது, சொல்லித் தருவா. இன்னொண்ணு நானே புரிஞ்சுக்கணும். எட்டு வாரம் இருக்கு."

அப்பா தலையசைத்தார். சந்தோஷமா கவலையா என்று பிரிக்க முடியாத ஒரு தலையசைப்பு. அம்மா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஒரு கடுகை எப்படிக் கட்டிக்கொள்வது என்று தெரியாதவளைப் போல, கொஞ்சம் அதிகமாகவே இறுக்கி.

"அம்மா, விடு. பஸ் போயிடும்."

"நான் கார்ல விடறேன்."

"அந்தப் பலகையோடவா? ஸ்கூல் வாசல்லயா? வேண்டாம் தாயே."

பசித்தது. நேர்காணலுக்குப் பிறகு இத்தனை நாளில் முதல் முறையாக நன்றாகப் பசித்தது. அவள் நின்றபடியே இரண்டு ரொட்டித் துண்டுகளை ஒன்றாக மடித்து வாயில் திணித்துக்கொண்டு, ஒரு கையில் வெப்பவியல் நோட்டோடு படியிறங்கி ஓடினாள். ஒன்பது மணிக்கு இயற்பியலில் வாரத் தேர்வு. அதற்குமுன் சாரிடம் கேட்க வேண்டியது மூன்று இருந்தது.